பால் பல்லுக்கு எந்த நேரத்துல என்ன ட்ரீட்மென்ட்: அடிபட்டு கத்துக்கிட்ட ஒரு அம்மா எழுதுறது

இன்னைக்கு நைட்டு குழந்தை தூங்கினதும் ஒரு வேலை பண்ணுங்க. மொபைல் டார்ச்ச போட்டு, மேல் உதட்ட மெதுவா விரலால தூக்கி, முன் பல்லு நாலும் ஈறுல இருந்து கிளம்புற இடத்த பாருங்க. முழுசும் ஒரே கலரா பளபளன்னு இருந்தா நிம்மதியா தூங்க போங்க. ஈற ஒட்டி சுண்ணாம்புல கோடு இழுத்த மாதிரி வெள்ளையா ஒரு பட்டை தெரிஞ்சா துணியால துடைச்சு பாருங்க, துடைச்சும் போகலேன்னா அதுதான் சொத்தையோட ஆரம்பம், அந்த இடத்துல பல்லுல இருக்குற கால்சியம் கரைய ஆரம்பிச்சிருக்குன்னு அர்த்தம்.

எங்க பெரியவளுக்கு அந்த கோட்ட நான் ரெண்டு வயசுலயே பாத்தேன், பாத்துட்டு சத்துமாவு கஞ்சி காஞ்சி ஒட்டிட்டு இருக்குன்னு விட்டுட்டேன். மூணரை வயசுல நடு ராத்திரி கன்னத்த புடிச்சுக்கிட்டு அழுதப்போதான் வாய முழுசா திறந்து பாத்தேன், முன்னாடி ரெண்டு பல்லு பழுப்பா அரிச்சு போயிருக்கு, கடைவாய்ல ரெண்டு பக்கமும் குழி. அப்புறம் நடந்தது எல்லாம் கீழ வருது. சின்னவனுக்கு இன்னைக்கு வரைக்கும் மொத்தமா பண்ண ட்ரீட்மென்ட் ஆறு மாசத்துக்கு ஒரு தடவ வார்னிஷ், அதான் பல்லு மேல தடவுற ஃப்ளோரைடு பசை, அடிச்சதுதான். ஒரே வீடு, ஒரே சமையல், வித்தியாசம் நான் எப்போ பாத்தேங்கிறதுல மட்டும்தான்.

"விழப்போற பல்லுக்கு எதுக்கு காசு"ன்னு எங்க அத்தை உட்பட எல்லாரும் கேட்டாங்க. முன் பல்லு ஆறு ஏழு வயசுல விழும், சரி. ஆனா கடைவாய் பால் பல்லு விழறது ஒன்பது வயசுல இருந்து பன்னெண்டு வயசு வரைக்கும். மூணு வயசுல சொத்தையானா இன்னும் ஏழெட்டு வருஷம் அத வச்சுதான் குழந்தை மெல்லணும். அது மட்டுமில்ல, கீழ வளந்துட்டு இருக்குற நிரந்தர பல்லுக்கு இடம் பிடிச்சு வச்சிருக்கறதே இந்த பால் பல்லுதான், துண்டு போட்டு பஸ்ல சீட்டு பிடிக்கிற மாதிரி, துண்ட எடுத்துட்டா பக்கத்துல இருக்கவங்க நகந்து உக்காந்துடுவாங்க. பால் பல்லோட எனாமல், அதான் பல்லு மேல இருக்குற கெட்டி ஓடு, பெரியவங்க பல்லோட ஒப்பிட்டா பாதி கனம்தான் இருக்கும், உள்ள நரம்பு இருக்குற அறை பெருசு, அதனால மேல ஒரு சின்ன குழின்னு நாம நெனைக்கிறது சில மாசத்துலயே நரம்ப தொட்டுடும்.

முதல்ல வீட்டு வேலை

பல்லு முளைச்ச அன்னைக்கே பிரஷ் ஆரம்பிக்கணும், ஆறு மாசமோ எட்டு மாசமோ எப்போ வந்தாலும் சரி. மூணு வயசு வரைக்கும் ஒரு அரிசி அளவு பேஸ்ட், மூணுல இருந்து ஆறு வரைக்கும் ஒரு பச்சை பட்டாணி அளவு. விளம்பரத்துல காட்டுற மாதிரி பிரஷ் முழுக்க நீளமா பாம்பு மாதிரி போடாதீங்க. பேஸ்ட் டியூப்ப திருப்பி, பல்ல இறுக்குற ஃப்ளோரைடு எத்தனை பிபிஎம்னு (பத்து லட்சத்துல எத்தனை பங்குன்னு) பாருங்க, 1000 இருக்கணும். கார்ட்டூன் படம் போட்ட கிட்ஸ் பேஸ்ட் நெறைய 500லயோ அதுக்கும் கீழயோ இருக்கு, சிலதுல ஃப்ளோரைடே இல்ல, ஸ்ட்ராபெர்ரி வாசனைக்கு காசு குடுக்குறோம் அவ்ளோதான். 1000 இருக்குற பெரியவங்க பேஸ்ட்டயே அரிசி அளவு எடுத்தா போதும், காரமா இருக்குன்னு அழுதா மட்டும் அதே 1000 இருக்குற கிட்ஸ் பேஸ்ட் தேடி வாங்குங்க.

தேச்சு முடிச்சதும் துப்ப சொல்லுங்க, தண்ணி ஊத்தி கொப்பளிக்க வேணாம், கொப்பளிச்சா பல்லு மேல இருக்க வேண்டிய ஃப்ளோரைடு சிங்க்ல போயிடும். ரெண்டு வேளையில நைட்டு பிரஷ்தான் முக்கியம், ஏன்னா தூக்கத்துல எச்சில் சுரக்குறது ரொம்ப கொறஞ்சுடும், பல்ல கழுவி விட ஆளில்ல. ஏழெட்டு வயசு வரைக்கும் நீங்கதான் தேச்சு விடணும், "அவளே தேச்சுக்குவா"ன்னு பெருமையா சொன்ன ஆள் நான், அவ பிரஷ்ஷ சப்பிட்டு இருந்திருக்கா. குழந்தைய உங்களுக்கு முதுகு காட்டி நிக்க வச்சு, தலைய உங்க வயித்துல சாச்சு, மேல இருந்து பாத்து தேய்ங்க, வாய் முழுக்க தெரியும். கடைவாய் பல்லு ரெண்டும் இடிச்சுக்கிட்டு நிக்கிற இடத்துல பிரஷ் போகாது, அங்க நூல், அதான் ஃப்ளாஸ், ஒரு நாள் விட்டு ஒரு நாளாச்சும் போடுங்க. என் பொண்ணுக்கு சொத்தை கிளம்பினதே அந்த இடுக்குலதான்.

பால் பாட்டில வாயில வச்சுக்கிட்டே தூங்குற பழக்கம் இருந்தா அத நிறுத்துறதுதான் முதல் ட்ரீட்மென்ட். பாட்டில் பால்ல வர்ற சொத்தைக்கு ஒரு அடையாளம் இருக்கு, மேல் முன் பல்லு நாலும் போயிருக்கும், கீழ் முன் பல்லு நல்லா இருக்கும், ஏன்னா கீழ நாக்கு மூடிக்குது, எச்சில் வேற அங்கதான் தேங்குது. சர்க்கரை போட்டு ஆத்தின பால், மாம்பழ ஜூஸ் பாக்கெட், பால்ல நனைச்ச பிஸ்கட், ராத்திரி குடுக்குற இனிப்பு சிரப் மருந்து எல்லாம் ஒரே கணக்குதான். எவ்ளோ இனிப்பு சாப்பிட்டாங்கிறதோட எத்தன தடவ சாப்பிட்டாங்கிறதும் ரொம்ப முக்கியம். ஒவ்வொரு தடவையும் வாய் புளிப்பாகி பழைய நிலைக்கு வர அரை மணி நேரத்துக்கு மேல ஆகும், கடலை மிட்டாய ஒரேயடியா சாப்பிட்டு முடிச்சா ஒரு அரை மணி, அதையே நாள் முழுக்க கொறிச்சா நாள் முழுக்க. முறுக்கு, சிப்ஸும் இதுல சேத்திதான், மாவு பல்லு சந்துல ஒட்டிக்கிட்டு அங்கயே சர்க்கரையா மாறும்.

ஃப்ளோரைடு பயம்

இத கொஞ்சம் விரிவா சொல்லியாகணும், ஏன்னா என் வீட்டுக்காரர் ஊர் தர்மபுரி பக்கம். அங்க போர் தண்ணி குடிச்சு வளந்தவங்க பல்லுல பழுப்பு கறைய பாத்தே இவங்க இந்த ஊருன்னு சொல்லிடலாம், தர்மபுரி, கிருஷ்ணகிரி பகுதியில நிலத்தடி தண்ணில ஃப்ளோரைடு அதிகம், அதுக்காகவே ஒகேனக்கல் கூட்டுக்குடிநீர் திட்டம் கொண்டு வந்து 2013ல திறந்தாங்க, அந்த திட்டத்தோட பேர்லயே ஃப்ளோரோசிஸ் (ஃப்ளோரைடு அதிகமாகி பல்லு, எலும்பு கெடுறது) தணிப்புன்னு இருக்கு. அதனால "ஃப்ளோரைடு பேஸ்ட்டா, ஐயோ வேணாம்"னு சொல்றவங்கள நான் கிண்டல் பண்ண மாட்டேன், அவங்க கண்ணால பாத்திருக்காங்க.

ஆனா கணக்கு போட்டு பாருங்க. 1000 பிபிஎம் பேஸ்ட் அரிசி அளவு எடுத்தா அதுல இருக்குற ஃப்ளோரைடு சுமார் 0.1 மில்லிகிராம், பட்டாணி அளவுல 0.25, அதையும் முழுசா முழுங்கினாத்தான். குடிநீர்ல வேற வழியில்லேன்னா லிட்டருக்கு 1.5 மில்லிகிராம் வரைக்கும் இருக்கலாம்னு இந்திய தரக்கட்டுப்பாட்டு அளவே அனுமதிக்குது, நல்லதுன்னு சொல்றது 1க்குள்ள. அதுக்கு மேல இருக்குற போர் தண்ணி ஒரு லிட்டர் உள்ள போனா பேஸ்ட்லாம் எந்த மூலைக்கு. அதனால சந்தேகமா இருந்தா மொதல்ல தண்ணிய டெஸ்ட் பண்ணுங்க, குடிநீர் வடிகால் வாரியத்தோட லேப் மாவட்டத்துல இருக்கு, பாட்டில்ல புடிச்சு குடுத்தா பாத்து சொல்லுவாங்க. கொதிக்க வச்சா ஃப்ளோரைடு போகாது, தண்ணி சுண்ட சுண்ட இன்னும் கூடத்தான் செய்யும், ஆர்.ஓ.ல போகும். தண்ணில நெஜமாவே அதிகம்னா அந்த ரிப்போர்ட்ட டாக்டர்கிட்ட காட்டி பேஸ்ட் அளவு கேட்டுக்கோங்க.

வெள்ளை கோடு மட்டும் இருந்தா: வார்னிஷ்

இந்த ஸ்டேஜ்ல மாட்டினா நீங்க அதிர்ஷ்டசாலி, ஏன்னா இது திரும்ப சரியாகும். ஃப்ளோரைடு வார்னிஷ்னு ஒன்னு, கெட்டியா பசை மாதிரி, பல்ல துடைச்சுட்டு சின்ன பிரஷ்ல தடவி விடுவாங்க, எச்சில் பட்டதும் இறுகி ஒட்டிக்கும், ரெண்டு நிமிஷ வேலை, ஊசி கிடையாது மிஷின் கிடையாது. அதுல ஃப்ளோரைடு 22,600 பிபிஎம், பேஸ்ட்டோட ஒப்பிட்டா ரொம்ப ரொம்ப அதிகம், அதனாலதான் கொஞ்சூண்டு மட்டும் டாக்டர் கையால போடணும். அன்னைக்கு பல்லு லேசா மஞ்சளா தெரியும், பயப்படாதீங்க. கொஞ்ச நேரத்துக்கு சூடான பாலும் மொறுமொறுப்பா எதுவும் வேணாம், அன்னைக்கு ஒரு நைட்டு மட்டும் பிரஷ் பண்ண வேணாம், இட்லி தயிர்சாதம்னு ஓட்டிடலாம். மூணுல இருந்து ஆறு மாசத்துக்குள்ள ஒரு தடவன்னு திரும்ப திரும்ப போடணும், சொத்தை வர வாய்ப்பு அதிகமா இருந்தா சீக்கிரம் சீக்கிரம். குழந்தைக்கு ஆஸ்துமா வந்து ஆஸ்பத்திரில சேத்திருந்தீங்கன்னா, இல்ல பிளாஸ்டர் அலர்ஜி இருந்தா முன்னாடியே சொல்லிடுங்க, சில வார்னிஷ்ல இருக்குற பிசின் ஒத்துக்காது.

சொத்தையே இல்லாத குழந்தைக்கும் இத போடலாம், போடணும். மொத பல்லு வந்து ஆறு மாசத்துக்குள்ள, இல்ல மொத பர்த்டேக்குள்ள ஒரு தடவ பல் டாக்டர பாத்துடணும்னு குழந்தைகள் பல் டாக்டர்கள் சொல்றது இதுக்குத்தான். ஒரு வயசு குழந்தைய சேர்ல படுக்க வைக்க மாட்டாங்க, நீங்களும் டாக்டரும் முட்டிக்கு முட்டி ஒட்டி எதிர எதிர உக்காந்து, குழந்தைய உங்க மடியில உங்கள பாக்குற மாதிரி உக்கார வச்சு, அப்படியே பின்னால சாச்சு தலைய டாக்டர் மடியில வச்சு பாப்பாங்க. அழும். அழுதா வாய் நல்லா திறக்கும், டாக்டருக்கு வசதிதான்.

குழி விழுந்துடுச்சு, வலி இல்ல

இங்க மூணு வழி இருக்கு, எல்லா கிளினிக்லயும் மூணையும் சொல்றதில்ல, அதனால நீங்க பேர் சொல்லி கேளுங்க.

ஒன்னு எஸ்.டி.எஃப், சில்வர் டயமைன் ஃப்ளோரைடு. ஒரு சொட்டு மருந்து, குழிக்குள்ள தடவி ஒரு நிமிஷம் விடுவாங்க, சில்வர் கிருமிய கொல்லும், ஃப்ளோரைடு பல்ல இறுக்கும், சொத்தை அப்படியே நின்னுடும். ஜப்பான்ல 1970ல இருந்து புழக்கத்துல இருக்கு, உலக சுகாதார நிறுவனம் 2021ல அத்தியாவசிய மருந்து லிஸ்ட்ல சேத்துடுச்சு. இதுல ஒரே ஒரு குறை, சொத்தை இருந்த இடம் கரிக்கட்டை மாதிரி கருப்பாயிடும், அது போகாது, கருப்பானாத்தான் வேலை செஞ்சிருக்குன்னு அர்த்தம். கடைவாய்ல யாருக்கு தெரிய போகுது, முன் பல்லுல போட்டா மட்டும் கல்யாண வீட்ல நாலு பேர் கேப்பாங்க, அதுக்கு மனச தேத்திக்கோங்க, இல்லேன்னா அப்புறமா மேல வெள்ளை ஃபில்லிங் வச்சு மறைக்க கேளுங்க. ஆறு மாசத்துக்கு ஒரு தடவ திரும்ப தடவணும். உதட்டுல கன்னத்துல பட்டா கறையாகும், அது ஒன்னு ரெண்டு வாரத்துல தானா போயிடும், ட்ரெஸ்ல பட்டா போகவே போகாது, பழைய சட்டை போட்டு கூட்டிட்டு போங்க. சில்வர் அலர்ஜி இருந்தாலோ வாய்ப்புண் இருந்தாலோ, பல்லு ஏற்கனவே வலிக்க ஆரம்பிச்சிருந்தாலோ இது ஆகாது. ரெண்டு மூணு வயசுல சேர்ல உக்காரவே விடாத குழந்தைக்கு இத மாதிரி ஒரு வரம் இல்லேங்கிறது என் அபிப்ராயம், என் பொண்ணுக்கு அப்போ யாரும் இத சொல்லவே இல்ல, நானும் கேக்கல, அந்த வருத்தம் இன்னும் இருக்கு.

ரெண்டாவது ஃபில்லிங். சின்ன குழின்னா ஜி.ஐ.சி, அதான் கண்ணாடி அயனோமர் சிமென்ட், வச்சிடுவாங்க, கைக்கருவியாலயே சுரண்டி எடுத்துட்டு மிஷின் சத்தம் இல்லாம வைக்கிற முறையும் இருக்கு. ஆனா ரெண்டு பல்லுக்கு நடுவுல இருக்குற பெரிய குழிக்கு இது அடிக்கடி கழண்டு வந்துடும்.

அந்த இடத்துக்குத்தான் மூணாவது, ஸ்டீல் கேப். ஹால் டெக்னிக்னு கேட்டு பாருங்க, ஸ்காட்லாந்துல நோர்னா ஹால்னு ஒரு பல் டாக்டரம்மா பேர்ல வந்தது, ஊசி போடாம, பல்ல சுரண்டாம, சொத்தைய உள்ளயே வச்சு மேல ரெடிமேட் ஸ்டீல் கேப்ப சிமென்ட் போட்டு அழுத்தி மாட்டிடுவாங்க. சொத்தைய எடுக்காமயேவான்னு எனக்கும் தூக்கி வாரிப் போட்டுச்சு. உள்ள இருக்குற கிருமிக்கு சாப்பாடு போற வழி அடைஞ்சு போச்சுன்னா அது மேற்கொண்டு அரிக்க முடியாது, விஷயம் அவ்ளோதான். சில நாள் முன்னாடி பல்லு இடுக்குல சின்ன ரப்பர் வளையம் மாட்டி இடம் பண்ணுவாங்க, கேப் போட்டதும் கடிக்கும்போது கொஞ்சம் தூக்கலா இருக்கும், சில வாரத்துல தானா சரியாயிடும். நரம்பு வரைக்கும் போகாத கடைவாய் பல்லுக்கு மட்டும்தான் இது, எக்ஸ்ரே பாத்துட்டுதான் முடிவு பண்ணணும். வெள்ளை கலர்ல ஜிர்கோனியா கேப்பும் இருக்கு, விலை அதிகம், பல்ல நெறைய தேய்க்கணும், கடைவாய்க்கு ஸ்டீலே போதும். பல்லு விழும்போது கேப்பும் சேந்தே விழுந்துடும், தனியா கழட்ட வேணாம்.

ராத்திரி வலின்னா

சாப்பிடும்போது மட்டும் வலிச்சு நின்னுடுதா, இல்ல சும்மா இருக்கும்போதும் ராத்திரி எழுப்புற மாதிரி வலிக்குதான்னு டாக்டர் கேப்பார், கவனிச்சு வச்சுக்கோங்க, ட்ரீட்மென்ட்டே இத வச்சுதான் மாறும். மொத ரகம்னா பெரும்பாலும் பல்போடமி, நரம்போட மேல் பகுதிய மட்டும் எடுத்துட்டு மருந்து வச்சு மூடி கேப் போடுறது. ரெண்டாவது ரகம்னா பல்பெக்டமி, வேர் வரைக்கும் சுத்தம் பண்றது, இதத்தான் குழந்தைக்கு ரூட் கேனால்னு சொல்றாங்க. என் பொண்ணுக்கு ரெண்டு பல்லுல நடந்தது இதுதான். உள்ள நிரப்புற பசை பெரியவங்களுக்கு போடுறது மாதிரி இல்ல, பால் பல்லு வேர் கரையும்போது கூடவே கரையுற மாதிரியானது, அதனால பின்னாடி வர்ற பல்லுக்கு தடையா இருக்காது. முடிஞ்சதும் கேப் போடாம விட்டுடாதீங்க, ஒரு பல்லுக்கு கேப்ப அப்புறம் பாக்கலாம்னு தள்ளிப்போட்டு பாதி பல்லு ஒடஞ்சு நின்ன கதை எங்களோடது.

கிளினிக் போற வரைக்கும் எடைக்கு தகுந்த பாராசிட்டமால் குடுங்க, ஆஸ்பிரின் குழந்தைக்கு கூடவே கூடாது. கிராம்பு தைலத்த பஞ்சுல நனைச்சு வைக்காதீங்க, ஈறு வெந்து போயிடும். மரத்துப்போற ஊசி போட்டு வந்தா ரெண்டு மூணு மணி நேரம் பக்கத்துலயே உக்காந்து பாருங்க, உணர்ச்சி இல்லாம உதட்ட கடிச்சு மென்னு வச்சிடுவாங்க, மறுநாள் அது வீங்கி ட்ரீட்மென்ட்ட விட பெரிய பிரச்சனையா இருக்கும். அப்புறம் வீட்ல "ஊசி போடுவாங்க", "வலிக்காது"ன்னு ரெண்டுமே சொல்லாதீங்க, வலிக்கிற வார்த்தையே இல்லாம "பல்லுல இருக்குற பூச்சிய எண்ணி பாக்க போறோம்"னு சொன்னா போதும். காலையில குழந்தை தெளிவா இருக்குற நேரமா பாத்து அப்பாயின்ட்மென்ட் வாங்குங்க.

ஈறுல கொப்புளம் மாதிரி சீழ் வச்சா வலி நின்னுடும், சரியாயிடுச்சுன்னு ஏமாந்துடாதீங்க. ஆன்டிபயாடிக் குடிச்சா வீக்கம் வடியும், ஆனா காரணம் உள்ளயே இருக்கு, அந்த சீழ் கீழ உருவாகிட்டு இருக்குற நிரந்தர பல்லோட எனாமலயே கெடுத்துடலாம். கண்ணுக்கு கீழயோ தாடைக்கு அடியிலயோ வீங்கி ஜுரமும் இருந்தா, இல்ல முழுங்க கஷ்டப்பட்டா, காலைல பாக்கலாம்னு இருக்காதீங்க, அந்த நிமிஷமே ஆஸ்பத்திரி.

பிடுங்கித்தான் ஆகணும்னா

முன் பல்லுன்னா பிடுங்கிட்டு பெரும்பாலும் அப்படியே விட்டுடலாம். கடைவாய் பல்ல சீக்கிரமே பிடுங்கினா ஸ்பேஸ் மெயின்டெய்னர் கேளுங்க, பக்கத்து பல்லுல ஒரு வளையம், அதுல இருந்து ஒரு கம்பி நீண்டு காலி இடத்த பிடிச்சு வச்சுக்கும். ஒட்டுற மிட்டாய் சாப்பிட்டா கழண்டு வந்துடும், கழண்டா தூக்கி போடாம டப்பால போட்டு எடுத்துட்டு போங்க. கீழ விழுந்து அடிபட்டு பால் பல்லு முழுசா வந்துடுச்சுன்னா மட்டும் திரும்ப சொருக முயற்சி பண்ணாதீங்க, உள்ள இருக்குற நிரந்தர பல்லு மேல போய் இடிக்கும்.

காசு யோசனைன்னா, பக்கத்துல பல் மருத்துவக் கல்லூரி இருந்தா அங்க குழந்தைகள் பல் பிரிவுக்கு போங்க, சென்னைல அரசு பல் மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரியிலயும் தனி பிரிவு இருக்கு, நேரம் எடுக்கும், ஆனா நிதானமா பண்ணுவாங்க. அங்கன்வாடிக்கும் அரசு பள்ளிக்கும் வர்ற ஆர்.பி.எஸ்.கே டீம், அதான் குழந்தைகள் உடம்ப செக்கப் பண்ற அரசு திட்டத்தோட டீம், பாக்குற லிஸ்ட்ல பல்லும் இருக்கு, அவங்க சீட்டு எழுதி குடுத்தா ஓரமா வச்சிடாம எடுத்துட்டு போங்க.

ஆறு வயசுல ஒரு ஏமாத்து வேலை நடக்கும், கடைசி பால் பல்லுக்கும் பின்னாடி எந்த பல்லும் விழாமயே ஒரு பெரிய கடைவாய் பல்லு முளைக்கும். இதையும் பால் பல்லுன்னு நெனச்சு விட்டுடறோம், இதுதான் சாகுற வரைக்கும் வரவேண்டிய பல்லு. மேல ஆழமான பள்ளங்க இருக்கும், பிரஷ் முடி கூட உள்ள போகாது. அது முழுசா வெளிய வந்ததும் அந்த பள்ளங்கள மூடுற சீலன்ட் போட சொல்லுங்க, சுத்தம் பண்ணி, ஒரு ஜெல் தடவி கழுவி, திரவத்த ஊத்தி நீல லைட்ல இறுக்கிடுவாங்க, வலி இல்ல. ஒவ்வொரு செக்கப்புலயும் ஓரம் பிஞ்சிருக்கான்னு பாக்க சொல்லுங்க, பிஞ்சிருந்தா அந்த இடத்துல மட்டும் மறுபடி வச்சுடலாம்.